பெரணமல்லூர் என்று பிழையின்றி அச்சிடும் கருவி

ஆரணிப் பட்டு என்று புவிசார் குறியீடு பெற்ற புடவை ஒரே கூரையின்கீழ் உருவாவதில்லை. கச்சாப் பட்டை வாங்கி முறுக்கேற்றுவது ஓரிடம், சாயம் போடுவது இன்னோரிடம், பாவு ஓட்டுவது மற்றோரிடம், நெய்வதோ நெசவாளியின் வீட்டுத் தறி என்று வேலை பல கைகளுக்குப் பிரிந்து கிடக்கிறது. கை மாறும் ஒவ்வொரு முறையும் எடை பார்க்கப்பட்டு, எழுதப்பட்டு, ஒரு சீட்டு கொடுக்கப்படுகிறது. ஆரணியிலும், பெரணமல்லூர், தேவிகாபுரம் முதலிய சுற்றூர்களிலும் கூட்டுறவுச் சங்கத்துக்கோ தனியார் முதலாளிக்கோ நெய்பவருக்கு, அங்குள்ள கணக்கு மென்பொருளைத் திறந்து பார்க்கும் வழி கிடையாது. எத்தனை கிராம் பாவுநூல் வாங்கினார், எத்தனை புடவை கொடுத்தார், முன்பணத்தில் எவ்வளவு கழிந்தது, கூலி எவ்வளவு சேர்ந்தது என்பவற்றை அவர் சரிபார்ப்பதும், கணக்கில் வழக்கு வந்தால் எடுத்துக் காட்டுவதும் கையிலுள்ள அந்தத் தாளை வைத்துத்தான். வணிக மென்பொருளிலிருந்து அச்சறிக்கை எடுப்பதற்கு எந்தக் கருவியைத் தேர்ந்தெடுப்பது என்னும் கேள்வியை, அந்தத் தாளை வாங்கிச் செல்பவரின் பக்கம் நின்று கேட்டால் விடை பெரிதும் மாறிவிடுகிறது என்பதே இப்பதிவின் கருத்து.

அறிக்கைக் கருவி என்பது, தரவுத்தளத்தில் வரிசை வரிசையாகக் கிடக்கும் பதிவுகளை எடுத்து, தலைப்பு, கட்டம், கூட்டல், கையொப்ப இடம் ஆகியவற்றோடு தாளில் அடுக்கித் தரும் மென்பொருள் பகுதியாகும். கடைகளிலும் சங்க அலுவலகங்களிலும் இதன் விளைவை ரிப்போர்ட் என்றும் பிரிண்ட் அவுட் என்றும் சொல்வார்கள். இதன் வரலாறு நெடியது. ஐபிஎம் நிறுவனம் 1959இல் வெளியிட்ட ஆர்பிஜி என்னும் நிரல்மொழியின் பெயரே அறிக்கை நிரலாக்கி என்று பொருள்படுவது. துளையிட்ட அட்டைகளைப் படித்துக் கணக்கறிக்கை அச்சிடுவதற்காகவே அது பிறந்தது. பட்டுத் தறியின் தலைமேல் தொங்கும் ஜக்கார்டு அட்டைகளை நாள்தோறும் பார்க்கும் ஊர்களுக்கு அந்தத் துளை அட்டைகள் அந்நியமானவை அல்ல. தனிக்கணினிக் காலத்தில் பாக்ஸ்ப்ரோ, கிளிப்பர் போன்றவற்றில் எழுதிய கணக்கு நிரல்கள் தமக்கென்று அறிக்கை வடிவங்களை வைத்திருந்தன; விஷுவல் பேசிக் காலத்தில் அதனுடன் சேர்ந்து வந்த கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ் பரவலாயிற்று. அது கைமாறிக் கைமாறி பிசினஸ் ஆப்ஜெக்ட்ஸ் நிறுவனத்திடம் வந்து, 2007இல் அந்நிறுவனத்தை வாங்குவதாக எஸ்ஏபி அறிவித்ததை அடுத்து எஸ்ஏபியிடம் சேர்ந்தது. 2001இல் தியோடர் டான்சியு தொடங்கிய ஜாஸ்பர் ரிப்போர்ட்ஸ், ஜாவா மொழியில் எழுதுவோருக்குக் கட்டணமற்ற மாற்றாக வந்தது. இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே: தாளைக் கிடைமட்டப் பட்டைகளாகப் பிரித்து, பக்கத் தலைப்புக்கு ஒரு பட்டை, ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு பட்டை, கூட்டலுக்கு ஒரு பட்டை என்று வரையறுத்துவிட்டால், பதிவுகள் எத்தனை வந்தாலும் கருவி அவற்றை நிரப்பிக்கொண்டே போகும்.

இத்தகைய கருவிகளை ஒப்பிடும் கட்டுரைகள் பொதுவாக விலை, வரைபட வசதி, எந்தெந்தத் தரவுத்தளத்தோடு இணையும் என்பவற்றிலிருந்து தொடங்குகின்றன. தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றுக்கு அது தலைகீழான தொடக்கம். இங்கே முதல் சோதனைக்குப் பெரணமல்லூர் என்னும் ஊர்ப்பெயர் ஒன்றே போதும்.

அந்தப் பெயர் கணினியில் எப்படிச் சேமிக்கப்படுகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஒருங்குறி எனப்படும் யூனிகோடு முறையில் எழுத்துகள் ஒலிக்கும் வரிசையில் சேமிக்கப்படுகின்றன: முதலில் பகர மெய்யெழுத்துக்கான குறி, அதன்பின் எகர உயிர்க்குறியாகிய ஒற்றைக் கொம்பு, அதன்பின் ரகரம். தாளில் கொம்பு பகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டும்; சேமிப்பிலோ அது பின்னால் நிற்கிறது. இந்த இட மாற்றத்தைச் செய்வதும், லகரத்தோடு ஊகாரக் குறி சேரும்போது இரண்டையும் தனித்தனியே வைக்காமல் லூ என்னும் ஒரே வடிவத்தை எழுத்துருவிலிருந்து எடுத்து வைப்பதும், புள்ளியை எழுத்தின் தலைக்கு நேராக நிறுத்துவதும் எழுத்துக் கோப்பு எனப்படும் வேலை. உலாவிகளிலும் ஆண்ட்ராய்டிலும் இவ்வேலையை ஹார்ப்பஸ் என்னும் திறமூல நிரல் செய்கிறது. விண்டோஸில் யூனிஸ்கிரைப் என்பது நெடுங்காலமாகச் செய்துவந்தது. ஒரு கருவியில் இவ்வேலையைச் செய்யும் பகுதி இல்லையென்றால், சேமித்த வரிசையிலேயே எழுத்துகளைத் தாளில் இறக்கிவிடும். அப்போது பகரத்துக்குப் பின் வரும் கொம்பு அடுத்த ரகரத்தோடு ஒட்டிக்கொள்ள, ஊர்ப்பெயர் பரெணமல்லூர் என்று கண்ணில் படும். லகரத்துக்குப் பக்கத்தில் ஊகாரக் குறி தனியே தொங்கும். சேத்துப்பட்டில் கொம்பு சகரத்தை விட்டு அடுத்த தகரத்தோடு ஒட்டிக்கொள்ளும். கரையையும் உடலையும் வேறு வேறு நிறத்தில் நெய்து இணைக்கும் கோர்வை என்னும் நுட்பத்தின் பெயரில் ஓகாரக் குறிக்கு முன்னும் பின்னும் இரண்டு உறுப்புகள் இருப்பதால், அது இன்னும் மோசமாகக் குலையும்.

இதில் ஏமாற்றம் தரும் செய்தி, திரையில் எல்லாம் சரியாகத் தெரிவதுதான். மென்பொருளின் பக்கத்தில் பெயரைத் தட்டச்சு செய்யும்போது விண்டோஸோ உலாவியோ எழுத்தைக் கோத்துக் காட்டிவிடுகிறது. அச்சுப் பொத்தானை அழுத்திப் பிடிஎப் கோப்பாக மாறும்போதுதான் குலைவு நேர்கிறது. காரணம், பிடிஎப் கோப்பு எழுத்துகளைக் கோத்துக்கொள்ளும் அறிவுடையதன்று. 1993இல் அடோபி வெளியிட்டு, 2008இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்ட அவ்வடிவம், இன்ன எழுத்துருவின் இன்ன உருவத்தை இன்ன இடத்தில் வை என்னும் கட்டளைகளின் தொகுப்பே. எழுத்துக் கோப்பு வேலை அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்; முடிக்காமல் அனுப்பினால் பின்னர் எந்த அச்சுப்பொறியாலும் திருத்த முடியாது.

இச்சோதனையை வைத்துப் பார்த்தால் புழக்கத்திலுள்ள கருவிகள் தாமாகவே பிரிந்து நிற்கின்றன. பிஎச்பி மொழியில் இணையக் கணக்கு மென்பொருள் எழுதுவோர் எளிமை கருதி எடுத்துக்கொள்ளும் எப்பிடிஎப், அதைவிட விரிந்த டிசிபிடிஎப் ஆகிய இரண்டும் இந்திய எழுத்துகளைக் கோப்பதில்லை. ஆகவே தமிழ் அச்சுக்கு அவை பயன்படா. அதே மொழியில் எழுதப்பட்ட எம்பிடிஎப், தன் 6ஆம் பதிப்பு முதல் எழுத்துருவின் உள்விதிகளைப் படித்துக் கோக்கும் திறன் பெற்றுள்ளது. ஆயினும் அத்திறனை ஒவ்வோர் எழுத்துருவுக்கும் அமைப்பில் இயக்கிவைக்க வேண்டும் என்பதை அறியாதவர்கள் அதையும் பழுதென்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஐடெக்ஸ்ட் என்னும் பெயர் பெற்ற நூலகத்தில் தமிழைக் கோக்கும் பகுதி பிடிஎப் காலிகிராப் என்னும் தனிக் கட்டண இணைப்பாக வருகிறது. அடிப்படை நூலகமோ ஏஜிபிஎல் உரிமத்தில் உள்ளது, அதாவது அதைப் பயன்படுத்தி இணையச் சேவை நடத்துபவர் தம் நிரலையும் அதே உரிமத்தில் திறந்து வைக்க வேண்டும் அல்லது வணிக உரிமம் வாங்க வேண்டும். சிறு நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதித் தருபவர் இதைத் தொடக்கத்திலேயே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுவது கடமை.

ஜாஸ்பர் ரிப்போர்ட்ஸின் நிலை நுட்பமானது. ஜாவாவின் வரைகலைப் பகுதி தமிழைக் கோக்கும் என்பதால் முன்னோட்டத் திரையிலும் நேரடி அச்சிலும் எழுத்து சரியாக வரும்; பிடிஎப் ஏற்றுமதிக்கு அது பழைய ஐடெக்ஸ்ட் நூலகத்தை நம்பியிருந்ததால் அங்கே குலையும். இதற்கு மாற்றாக, குறிப்பிட்ட எழுத்துத் தொகுதியை மட்டும் ஜாவாவே கோத்து உருவங்களாக வரைந்துவிடும் அமைப்பு ஒன்று அதில் உண்டு. தமிழ்த் தொகுதியை அதில் குறித்துவிட்டால் குலைவு நீங்கும். இந்த ஒற்றை அமைப்பை அறியாமல் நல்லதொரு கருவியைக் கைவிட்ட திட்டங்கள் ஏராளமாக இருக்கக் கூடும். கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸைப் பயன்படுத்துவோரும் திரையையும் தாளையும் பார்த்து நிறைவடைந்துவிடாமல், பிடிஎப் ஏற்றுமதியைத் தனியே எடுத்துப் பார்க்க வேண்டும்.

எழுத்துக் கோப்பைப் பொறுத்தவரை கவலையற்ற வழி, அறிக்கையை ஒரு வலைப்பக்கமாக வடிவமைத்து உலாவியின் இயந்திரத்தையே அச்சிடச் செய்வதாகும். குரோம் உலாவி 2017 முதல் திரையின்றிப் பின்னணியில் இயங்கிப் பிடிஎப் தரும் வசதியைக் கொண்டுள்ளது. பைத்தான் மொழியில் எழுதுவோருக்கு வீசிபிரிண்ட் என்னும் நூலகம் இருக்கிறது. இவ்விரண்டும் ஹார்ப்பஸைக் கொண்டே தமிழைக் கோக்கின்றன. ஒடூ போன்ற பெரிய வணிக மென்பொருள்கள் நெடுங்காலம் நம்பியிருந்த டபிள்யூகே எச்டிஎம்எல் டு பிடிஎப் என்னும் கருவியும் இவ்வகையைச் சேர்ந்ததே. ஆனால் அதன் மூலநிரல் களஞ்சியம் 2023இல் மூடிவைக்கப்பட்டுவிட்டது, ஆகவே புதிதாகத் தொடங்குபவர் அதை எடுக்க வேண்டியதில்லை. இவ்வழியில் நேரும் பிழை பெரும்பாலும் வேறொன்று: மென்பொருள் இயங்கும் லினக்ஸ் சேவையகத்தில் தமிழ் எழுத்துருவே நிறுவப்பட்டிராது, அதனால் பெயர்கள் கட்டம் கட்டமாக அச்சாகும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர் போன்ற இலவச எழுத்துரு ஒன்றை நிறுவினால் அந்தச் சிக்கல் அத்துடன் தீர்ந்தது.

உலாவி வழிக்கு ஒரு குறையும் உண்டு. சங்கப் பேரேடு போன்ற நீண்ட அறிக்கைகளில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அப்பக்கத்துக் கூட்டலும், அடுத்த பக்கத்தின் தலையில் முன்பக்கத் தொகையும் வர வேண்டும் என்று தணிக்கையாளர் எதிர்பார்ப்பார். பக்கம் எங்கே முடியும் என்பதை முன்கூட்டி அறியாத வலைப்பக்கத்துக்கு இது எளிதில் வசப்படாது. பட்டை முறைக் கருவிகளுக்கோ இது பால்பாடம். எனவே பேரேட்டுக்கு ஜாஸ்பர், சீட்டுக்கு உலாவி என்று ஒரே மென்பொருளில் இரண்டையும் வைத்துக்கொள்வதில் தவறேதும் இல்லை. ஒரே கருவியில் எல்லாம் முடிய வேண்டும் என்னும் பிடிவாதம்தான் பல இடங்களில் நெசவாளியின் சீட்டை ஆங்கிலத்துக்குத் தள்ளியிருக்கிறது.

இரண்டாவது சோதனை கண்ணுக்குத் தெரியாதது. அழகாக அச்சான பிடிஎப் கோப்பு ஒன்றில் பெரணமல்லூர் என்று தேடினால் கிடைக்காமல் போவதுண்டு. தாளில் கொம்பு பகரத்துக்கு முன் நிற்பதால், கோப்பிலுள்ள உருவங்களின் வரிசையும் கொம்பு முதலில், பகரம் அடுத்து என்றே இருக்கும். அந்த வரிசையிலேயே படித்தால் கணினிக்கு அது வேறொரு சொல். உருவங்களோடு அவற்றுக்குரிய மூல உரையையும் சேர்த்துப் பதியும் வழி பிடிஎப் தரத்தில் இருக்கிறது, ஜாஸ்பரின் உருவம் வரையும் அமைப்பிலும் அதற்கென்று ஒரு தெரிவு உண்டு. ஐந்தாண்டுச் சீட்டுகளைக் கோப்புகளாக அடுக்கிவைத்துக்கொண்டு, ஒரு நெசவாளியின் பெயரைத் தேடி எடுக்க முடியாத நிலை வந்தால் அந்த அடுக்கால் என்ன பயன்?

இனி அச்சாக வேண்டிய செய்தியைப் பார்க்கலாம். பட்டு நெசவின் கணக்கு, மளிகைக் கடைக் கணக்கைப் போல் எண்ணிக்கையும் விலையும் மட்டும் கொண்டதன்று. கச்சாப் பட்டிலுள்ள செரிசின் என்னும் பசையைச் சாயம் போடும் முன் வேகவைத்து நீக்கும்போது எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஒரு கிலோ கச்சாப் பட்டு கொடுத்தவருக்குச் சுமார் 750 கிராம்தான் திரும்பும். இந்தக் குறைவை நியாயமான கழிவாகக் காட்டாமல் வெறும் வழங்கல், திரும்பல் என்று இரண்டு நெடுவரிசைகளை மட்டும் அச்சிடும் அறிக்கை, சாயக்காரரைத் திருடராகக் காட்டிவிடும். ஜரிகை மார்க் என்னும் அளவில் வாங்கப்படுகிறது. ஒரு மார்க் ஏறத்தாழ 240 கிராம். முதலாளியின் கொள்முதல் மார்க்கிலும், நெசவாளிக்கு வழங்குவது கிராமிலும் இருப்பதால், ஒரே பொருளை இரண்டு அளவிலும் காட்டி, மாற்று விகிதத்தையும் தாளிலேயே அச்சிடும் வசதி வேண்டும். கூலிச் சீட்டில் பாவு எண், தறி எண், கொடுத்த பாவுநூல், ஊடைநூல், ஜரிகை, புடவையின் எடை, மீதம், அடிப்படைக் கூலி, அகவிலைப்படி, சேமிப்புத் திட்டப் பிடித்தம், முன்பணப் பிடித்தம், நிலுவை என்று இத்தனையும் கையகலத் தாளில் அடங்க வேண்டும். இவற்றுள் எந்த வரியை நெசவாளி முதலில் தேடுவார் என்பதைச் சங்கத்து எழுத்தரிடம் கேட்டாலே சொல்லிவிடுவார். வடிவமைப்பவர்தான் கேட்பதில்லை.

தொகையை எழுத்தால் எழுதுவது இன்னொரு சிக்கல். ரூபாய் 4,735 என்பதை நான்காயிரத்து எழுநூற்று முப்பத்தைந்து என்றுதான் தமிழர் எழுதுவர். ஆங்கிலத்துக்கு எழுதிய நிரலில் சொற்களை மட்டும் மாற்றி வைத்தால் நான்கு ஆயிரம் ஏழு நூறு முப்பது ஐந்து என்று அச்சாகும். பின்னால் எண் தொடர்ந்தால் நூறு நூற்று ஆவதும், ஆயிரம் ஆயிரத்து ஆவதும், 900 மட்டும் தொள்ளாயிரம் என்று தனி வழியில் போவதும் அந்த நிரலுக்குத் தெரியாது. ஒன்று முதல் 99 வரைக்கும் ஓர் அட்டவணை, நூறுகளுக்குத் தனித்த வடிவம் ஒன்றும் தொடரும் வடிவம் ஒன்றும், ஆயிரம், லட்சம், கோடிகளுக்கும் அவ்வாறே இரண்டிரண்டு என்று எழுதிவைத்தால் ஒரு நாள் வேலையில் முடிந்துவிடும். ரூபாய்க் குறி 2010இல்தான் ஏற்கப்பட்டது என்பதால் அதற்கு முந்தைய எழுத்துருக்களில் அது இராது, அங்கே ரூ. என்று எழுதுவதே பாதுகாப்பு.

பெயர் வரிசையிலும் இதே போன்ற ஒரு சறுக்கல் நேர்கிறது. தமிழ் அகரமுதலியின் முறைப்படி மெய்யெழுத்து உயிர்மெய்க்கு முன் வரும். எனவே கண்ணன், கணபதி, கணேசன் என்பதே சரியான வரிசை. குறியீட்டு எண்ணை மட்டும் வைத்து வரிசைப்படுத்தும் கருவி, புள்ளிக்குரிய எண் உயிர்க்குறிகளின் எண்களைவிடப் பெரியது என்பதால், கணபதி, கணேசன், கண்ணன் என்று தரும். இதைத் தரவுத்தளத்தின் தமிழ் வரிசை அமைப்பில் திருத்திக்கொள்ளலாம்.

பழைய நிறுவனங்களில் இவற்றுக்கெல்லாம் முன்னதாக ஒரு வேலை காத்திருக்கிறது. வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பெயர்கள், உள்ளே ஆங்கில எழுத்துகளின் குவியலாகவே சேமிக்கப்பட்டிருக்கின்றன. எழுத்துருவை மாற்றிய கணமே அவை பொருளற்ற குறிகளாகிவிடும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்னும் குறியீடுகளை வகுத்த தமிழக அரசு, 2010இல் ஒருங்குறியையும் டேஸ்16 என்னும் குறியீட்டையும் ஏற்று ஆணையிட்டது. அதன்பின்னும் பழைய குறியீட்டிலேயே உறுப்பினர் பட்டியலை வைத்திருக்கும் அலுவலகம், புது அறிக்கைக் கருவி வாங்கும் முன் அப்பட்டியலை ஒருங்குறிக்கு மாற்றி, மாற்றிய பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். மாற்று நிரல்கள் பெரும்பகுதியைச் சரியாகச் செய்யும் என்றாலும், தலைப்பெழுத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கலந்து எழுதிய பெயர்களில் தடுமாறும்.

அச்சுப்பொறியைப் பற்றிச் சொல்லாமல் கருவியைப் பற்றிப் பேசுவது பாதிப் பேச்சு. பட்டு வணிகத்திலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் புள்ளி அச்சுப்பொறி, அதாவது ஊசிகள் மைநாடாவின்மேல் அடித்து எழுத்தை உருவாக்கும் டாட் மேட்ரிக்ஸ், இன்றும் உழைக்கிறது. மேல்தாளில் அடிக்கும் அடியே கீழுள்ள கார்பன் படிகளிலும் பதிவதால் ஒரே ஓட்டத்தில் மூன்று படிகள் கிடைக்கின்றன. 2017 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த ஜிஎஸ்டி விதிகளின்படி, சரக்குக்கான இன்வாய்ஸ் வாங்குபவருக்கும், கொண்டுசெல்பவருக்கும், விற்பவருக்கும் என்று மூன்று படிகளாக வேண்டும். வெளியே நெய்யவோ சாயம் போடவோ அனுப்பும் சரக்குக்குரிய டெலிவரி சலானுக்கும் மூன்று படிகளே. லேசர் பொறிக்கு மாறுபவர், ஒரே இன்வாய்ஸை மூன்று தலைப்புகளோடு மூன்று முறை அச்சிடும் வசதி கருவியில் உண்டா என்று பார்க்க வேண்டும்.

புள்ளி அச்சுப்பொறியின் உள்நினைவில் ஆங்கில எழுத்துகளே இருக்கின்றன. அவற்றை நேரடியாக அனுப்பினால் தாள் விறுவிறுவென்று ஓடும்; தமிழை அனுப்ப வேண்டுமானால் ஒவ்வொரு வரியையும் படமாக மாற்றிப் புள்ளி புள்ளியாக அடிக்க வேண்டும், வேகம் பல மடங்கு குறையும். டாஸ் காலத்தில் இந்த இடைவெளியை நிரப்பப் புனேயின் சிடாக் நிறுவனம் ஜிஸ்ட் அட்டை என்னும் வன்பொருளையே தந்தது. ஊரெங்கும் பரவியுள்ள கணக்கு மென்பொருளாகிய டேலியிலும், நேர்த்தி முறை, டாட் மேட்ரிக்ஸ் முறை, விரைவு வரைவு முறை என்று அச்சுக்கு வெவ்வேறு வழிகள் உண்டு; எழுத்துகளை நேராகப் பொறிக்கு அனுப்பும் வழிகளில் தமிழை எதிர்பார்க்க இயலாது. அதனால் கடைக்குக் கடை நடக்கும் விற்பனைப் பில் ஆங்கிலத்தில் விரைவு முறையிலும், நெசவாளிக்கான கூலிச் சீட்டு தமிழில் நேர்த்தி முறையிலும் செல்லட்டும். சீட்டுக்குச் சில நொடிகள் கூடுதலாகும். அந்தச் சில நொடிகளுக்காக அவர் படிக்க முடியாத தாளைக் கொடுப்பது நியாயமன்று.

தாளின் நீளமும் கவனிக்க வேண்டியது. தொடர்தாளின் ஒரு மடிப்பு 12 அங்குலம். கருவியில் ஏ4 என்று விட்டுவைத்தால் நீளம் 11.69 அங்குலம் என்று எடுத்துக்கொள்ளும். பக்கத்துக்கு எட்டு மில்லிமீட்டர் போல மேலேறிக்கொண்டே போய், பத்தாவது பக்கத்தில் தலைப்பு கிழிகோட்டைத் தாண்டி ஏறத்தாழ மூன்று அங்குலம் முந்தைய தாளுக்குள் நுழைந்திருக்கும். பொறி பழுது என்று கருதிப் பழுதுபார்ப்பவரை அழைப்பார்கள். தீர்வோ விண்டோஸில் அந்தத் தாளுக்கென்று ஓர் அளவை உருவாக்கி, அதையே அறிக்கையின் பக்க அளவாகக் கொடுப்பதுதான்.

அண்மைக் காலத்தில் வெப்ப அச்சுச் சுருள் பொறிகள் மலிவாகக் கிடைப்பதால் சீட்டுக்கும் அவற்றையே பயன்படுத்தும் பழக்கம் பரவுகிறது. வெப்பத்தால் கறுக்கும் பூச்சு கொண்ட அந்தத் தாள், வெயிலும் வெப்பமும் பட்டால் மங்கி எழுத்தே தெரியாமல் போகும். ஜிஎஸ்டி சட்டம் கணக்குகளை ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் காக்கச் சொல்கிறது. நெசவாளியோ தம் முன்பணக் கணக்கு தீரும்வரை சீட்டுகளைப் பத்திரப்படுத்துகிறார். ஓட்டு வீட்டின் சுவரில் கம்பியில் குத்திவைத்த சீட்டுகள் ஒரு கோடைக்குள் வெளுத்துவிட்டால், நிலுவை எவ்வளவு என்பதற்கு முதலாளியின் கணினி மட்டுமே சாட்சியாகும். இந்த ஒரு காரணத்துக்காகவே கூலிச் சீட்டுக்கு வெப்பத்தாள் கூடாது என்று உறுதியாகச் சொல்லலாம்.

வடிவமைப்பை யார் திருத்துவார் என்பதும் தேர்வோடு சேர்ந்த கேள்விதான். அகவிலைப்படி மாறும், புதுப் பிடித்தம் ஒன்று சேரும், சங்கத்தின் தலைப்பு மாறும். டேலியின் வடிவங்களை டிடிஎல் என்னும் அதற்கேயுரிய மொழியில்தான் திருத்த முடியும். அதை அறிந்தவர் ஆரணியிலோ வேலூரிலோ கிடைப்பாரா என்று முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும். ஜாஸ்பரின் வடிவம் எக்ஸ்எம்எல் கோப்பாக இருப்பதால் அதற்குரிய வடிவமைப்புக் கருவியைப் பழகியவர் தேவை. வலைப்பக்க வடிவமோ, அடிப்படை இணைய வடிவமைப்புக் கற்ற கல்லூரி மாணவர் ஒருவரே திறந்து, ஒரு வரியைச் சேர்த்து, சேமித்துவிடக் கூடியது. சென்னையிலிருந்து ஆள் வரும்வரை பழைய சீட்டில் பேனாவால் திருத்தி எழுதிக் கொடுக்கும் நிலை வேண்டாமென்று நினைக்கும் சிறு சங்கத்துக்கு இந்த எளிமையே பெரிய தகுதி.

வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனைக்கு ஒரு தாள் போதும். அதில் பெரணமல்லூர், போளூர், சேத்துப்பட்டு, செய்யாறு, தேவிகாபுரம் ஆகிய ஊர்ப்பெயர்களும், கோர்வை, ஊடை, ஜரிகை, கௌரி, ஸ்ரீதர் ஆகிய சொற்களும், எழுத்தாலும் எண்ணாலும் எழுதிய 12,34,900 ரூபாயும், மூன்று தசம இடங்களோடு ஓர் எடையும் இருக்கட்டும். விற்க வருபவரின் மடிக்கணினித் திரையில் பார்த்து நிறைவடையாமல், நிறுவனத்தின் சொந்தப் பொறியில், சொந்தத் தொடர்தாளில், பத்துப் பக்கம் அச்சிட்டு, மூன்றாவது கார்பன் படியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அதையே பிடிஎப் கோப்பாகவும் எடுத்து, ஊர்ப்பெயரைத் தேடிப் பார்க்க வேண்டும். பின்பு அந்த மூன்றாவது படியைத் தறியில் வேலை செய்பவர் ஒருவரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, முன்பணத்தில் எவ்வளவு கழிந்திருக்கிறது என்று கேட்க வேண்டும். அவர் விரல் தயங்காமல் அந்த வரிக்குப் போனால் கருவியை வாங்கலாம். தயங்கினால், வடிவத்தைத் திருத்தி மறுபடி அச்சிட்டு, மறுபடி அவரிடமே கொடுக்க வேண்டும்.